ஃபிலோ சேச்சி நீட்டிய நறுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழுத்து ஒடிந்தது என் மச்சினன் செல்வத்துக்கு. மயங்கி விழுந்தது நான்.

எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் செல்வத்தின் மண்டையில் இரண்டு பக்கமும் திருகாணி மாதிரி ஒன்றை முடுக்கி, அதில் கயிறு கட்டி, கட்டிலுக்குப் பின்னால் எடையைத் தொங்கவிட்டார்கள். இடம் விலகிய கழுத்தெலும்பை நேராக இழுத்துப் பிடிப்பதற்காம். செல்வம் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தான். பார்த்துக்கொண்டிருந்த நான் பொத்தென்று விழுந்தேன். கண் விழித்தபோது நானும் ஒரு கட்டிலில் கிடந்தேன், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் கேட்டாள், "இது எந்து கேஸா?" அவள் சொன்னாள்: "ஒந்நுமில்லா. மற்றே பையன்றெ அளியனா. பேடிச்சு வீணதா." அளியன் என்றால் அக்காள் புருஷன். பேடிச்சு வீணது என்றால் பயந்து விழுந்தது. என் கேஸ் ஷீட் அவ்வளவுதான்.

நான் கொச்சி மட்டாஞ்சேரியில் மைக் செட் வைத்திருப்பவன். கல்யாணம், கோயில் கொடை, பள்ளிவாசல் நேர்ச்சை, பெருநாள், எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுவேன். கூப்பிட்டால் அறிவிப்பும் செய்வேன். கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்குத் தனிக் கூலி கேட்பதில்லை. மைக்கு முத்து என்றால் சுள்ளிக்கல் வரைக்கும் தெரியும். அப்பாவுக்குத் தென்காசிப் பக்கம். அங்கே மாமா வீட்டில் தங்கிப் பத்தாவது வரை படித்ததால் தமிழ் எழுத வரும். செல்வத்துக்கு வராது. அவன் கொச்சியிலேயே பிறந்து மலையாளத்தில் படித்தவன். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். நாளைக்கு யாராவது அந்த மாதிரி ஒரு ஆஸ்பத்திரி ஹாலில், கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய காகிதத்தோடு உட்கார்ந்திருந்தால், அங்கே எங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளட்டும்.

செல்வம் பஜாரில் அரிசி குடோனில் சுமட்டுத் தொழிலாளி. மூட்டையை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதை அட்டி போடுவது என்பார்கள். கூரை தொடும் அட்டிமேல் சாய்த்து வைத்த பலகையில் தலைச்சுமையோடு ஏறும்போது பலகை வழுக்கிவிட்டது. அவன் முதலில் விழுந்தான்; மூட்டை அவன் பிடரியில் விழுந்தது. கூட வேலை பார்த்த ரஃபீக்கும் மற்றவர்களும் அதே பலகையில் அவனைக் கிடத்தி, சரக்கு ஏற்றுகிற பெட்டி ஓட்டோவில் ஏற்றினார்கள். பாலம் கடந்து எர்ணாகுளம் சேரும்வரை ரஃபீக் அவன் தலையைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தான். நான் பின்னால் ஸ்கூட்டரில். கோயில், மசூதி, சர்ச் என்று வழியில் தென்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டேன். ஒரு பேங்கு ஏடிஎம்முக்கும் போட்டிருக்கிறேன் என்று என் பெண்டாட்டி பேச்சி சொல்கிறாள். அவள் என் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சிக்குச் செல்வம் தம்பி மட்டுமல்ல. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவள் இடுப்பில் வளர்ந்தவன். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. மற்றதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்கவைத்து எடுக்கிற பெரிய ஸ்கேன். வெளியே வரைக்கும் 'டடட டடட' என்று சத்தம். எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபயர் மாதிரி இருக்கிறதே என்று டெக்னீஷியனிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டார்.

முதுகெலும்பு டாக்டர் ஒரு பெண். கோயம்புத்தூரில் படித்தவராம், எங்களிடம் தமிழிலேயே பேசினார்.

"மைக் செட் வச்சிருக்கீங்கன்னு சொன்னீங்கள்ல? அதையே வச்சுச் சொல்றேன். மூளைதான் ஆம்ப்ளிஃபயர். கையும் காலும் ஸ்பீக்கர். நடுவுல ஒரு கேபிள் போகுது, முதுகெலும்புக்குள்ள. அதுதான் தண்டுவடம். இவருக்குக் கழுத்துல அஞ்சாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவுல அந்தக் கேபிள் நசுங்கியிருக்கு."

"ஸால்டர் வச்சு ஒட்ட முடியாதா டாக்டர்?"

நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டேன்.

"அது முடிஞ்சா எனக்குத் தூக்கம் வந்திருக்கும்" என்றார். "தோள் அசையுது. முழங்கை மடங்குது. அதுக்குக் கீழ இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. மூச்சு விடுவார், ஆனா இரும முடியாது. குரலும் சின்னதாத்தான் வரும்."

பேச்சி கேட்டாள், "இப்போதைக்குன்னா? பொறவு வருமா?"

டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடியும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

ஐசியூவுக்கு உள்ளே என்னை மட்டும் விட்டார்கள். குண்டூசியால் ஒரு டாக்டர் செல்வத்தைக் குத்திக்கொண்டே வந்தார். கன்னம், தோள், கை, நெஞ்சு, தொடை, கால் பெருவிரல். "குத்துதா, தொடுதா?" செல்வம் கன்னத்திலும் தோளிலும் "குத்துது" என்றான். அப்புறம் பேசவேயில்லை. அவர் போனபின் என்னிடம் கேட்டான்.

"அத்தான், அவரு எப்ப குத்த ஆரம்பிப்பாரு?"

நான் வெளியே வந்து கழிவறைக்குள் போய் என் சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றி என் காலில் குத்திப் பார்த்தேன். வலித்தது. இடது காலில் கொஞ்சம் குறைவாக வலிக்கிற மாதிரி இருந்தது. மறுபடியும் குத்தினேன். ரத்தம் வந்தது. நர்ஸிடம் போய் எனக்கும் கேபிளில் ஏதோ கோளாறு என்று சொன்னேன். பிளாஸ்டர் ஒட்டி, அவசரப் பிரிவில் என்னை ஏற்கனவே தெரியும் என்றாள்.

வெளியே காத்திருக்கும் ஹாலில் இரும்பு நாற்காலிகள். கேரளத்து ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை நிற்பவருக்குப் பெயர் கிடையாது, அவர் பைஸ்டாண்டர். கரகரவென்று ஸ்பீக்கர் கத்தும்: "செல்வத்தின்றெ பைஸ்டாண்டர்!" கூப்பிடும்போதெல்லாம் செத்தேன். மருந்து வாங்கத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அந்த ஸ்பீக்கரை நான் சரி பண்ணித் தருகிறேன், பில்லில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேஷ் கவுண்டரில் கேட்டுப் பார்த்தேன். கவுண்டர்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். பில்லை மட்டும் அப்படியே நீட்டினார். பாதியைத் தொழிலாளர் நிதியும் பஜார்க்காரர்களும் ஏற்றார்கள். மீதிக்காக விற்ற என் பெரிய குழாய் இரண்டும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் வேறு ஒருவர் கல்யாணங்களில் பாடிக்கொண்டிருக்கின்றன.

அங்கேதான் ஃபிலோ சேச்சி. தோப்பும்படி ஹார்பரில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். தமிழ் ஆட்களோடு வியாபாரம் பண்ணிப் பழகியதால் பாதித் தமிழ் பேசுவார். அவருடைய கணவர் ஆன்றணி சேட்டன் அன்று காலையில் படகின் ஐஸ் அறைக்குள் தலைகுப்புற விழுந்துவிட்டார். அவருக்கும் கழுத்து, ஏறக்குறைய அதே இடம். செல்வத்துக்கு வயது இருபத்தாறு. ஆன்றணி சேட்டன் அறுபதை நெருங்குகிறவர்.

பேச்சி எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஃபிலோ சேச்சி தூக்குவாளியைத் திறந்து கப்பைக் கிழங்கும் மீன் கறியும் எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"திந்நோ மோளே. நம்ம ஆட்கள் படுத்துட்டாங்க. நம்மளும் படுத்தா யாரு பைஸ்டாண்டர்?"

பேச்சி அழுதுகொண்டே தின்றாள். காரம் என்று என்னிடம் சொன்னாள்.

சாயங்காலம் டாக்டர் இரண்டு குடும்பத்தையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

"இப்போ வழக்கமாச் செய்யுற ஆபரேஷன் என்னன்னா, நசுங்கின இடத்துல எலும்பை எடுத்து, பிளேட்டும் ஸ்குரூவும் வச்சுக் கழுத்தை நிறுத்துறது. ஆனா உள்ள தண்டுவடம் வீங்கும். அதைச் சுத்தி ஒரு உறை இருக்கு, கெட்டியான உறை. எலும்பை எடுத்தாலும் சில பேருக்கு அந்த உறைக்குள்ளயே வீங்கி வீங்கித் தன்னைத்தானே நெருக்கிக்குது. அதனால புதுசா ஒண்ணு சோதிச்சுப் பார்க்கிறோம். அந்த உறையையும் கீறி, ஒட்டுத்துணி மாதிரி ஒண்ணு வச்சுத் தச்சு, உள்ள இடம் உண்டாக்கிக் கொடுக்கிறது."

"இறுகின சட்டையைப் பிரிச்சு நடுவுல துணி வச்சுத் தைக்கிற மாதிரியா?" என்றாள் பேச்சி.

"அதேதான்."

"அப்ப அதையே செஞ்சிருங்க."

"அது நல்லதான்னு இன்னும் தெரியாதும்மா. உறையைக் கீறினா உள்ள இருக்கிற நீர் கசியலாம், கிருமி ஏறலாம். நல்லதும் நடக்கலாம். அதனாலதான் சோதனை. சம்மதிச்சீங்கன்னா, பழையதா புதுசான்னு நானும் முடிவு பண்ண மாட்டேன், நீங்களும் பண்ண முடியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். சம்மதிக்கலைன்னாலும் ஒண்ணும் இல்ல, வழக்கமான ஆபரேஷன் நடக்கும்."

ஃபிலோ சேச்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"நறுக்கு!" என்றார் சேச்சி.

நறுக்கு என்றால் சீட்டுக் குலுக்கல். எங்கள் பஜாரில் சுமட்டுக்காரர்கள் மாதச் சீட்டு நடத்துகிறார்கள். சாயாக்கடைக்குப் பின்னால் எல்லார் பெயரும் துண்டுக் காகிதத்தில் எழுதி, தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக் குலுக்குவோம். பெயர் கூவுவது நான். ஹார்பரிலும் இதே வழக்கம். யாருக்கு விழுகிறதோ அவருக்கு அந்த மாதத் தொகை. ஆனால் வேறொருவருக்கு ரொம்பத் தேவை என்றால், விழுந்தவர் அந்தத் துண்டை எல்லார் முன்னாலும் அவர் கையில் வைத்துவிடலாம். நான் "கைமாறியாச்சு" என்று மூன்று தடவை கூவுவேன். அதோடு முடிந்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் அதைப் பற்றி அப்புறம் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கொடுத்ததே கெட்டுப்போகும் என்பார்கள்.

செல்வம் சம்மதம் என்று கண்ணாலும் வாயாலும் சொன்னான். கையெழுத்துப் போட முடியாது. நர்ஸ் அவன் கட்டைவிரலை எடுத்து மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினாள். அவன் ஓரக்கண்ணால் பார்த்தான்.

"யாரு விரலு அத்தான் அது?"

"உன் விரல்தாம்லே."

"ஒரு விரலு வந்தாக்கூடப் போதும். மூக்கு அரிக்குது. காலையிலேருந்து அரிக்குது."

சொறிந்துவிட்டேன். அவன் கேட்டது அவ்வளவுதான். நடப்பதைப் பற்றிக் கேட்கவில்லை, ஒரு விரல். அன்றிலிருந்து நாங்கள் எல்லாரும் காத்திருந்ததும் அந்த ஒரு விரலுக்குத்தான்.

கம்ப்யூட்டர் குலுக்குவதை யாரும் பார்க்காமல் செய்யக் கூடாது என்று பேச்சி பிடிவாதமாக நின்றாள். டாக்டர் எங்களையும் நிற்கவைத்துப் பட்டனைத் தட்டினார். சிரட்டைச் சத்தம் கூட இல்லை. செல்வத்துக்குப் பழைய ஆபரேஷன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டினார். ஆன்றணி சேட்டனுக்குப் புதியது.

பேச்சி ஹாலுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபிலோ சேச்சிக்கு நேர் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பெருமூச்சு விட்டேன். கேட்கவில்லையோ என்று இன்னொன்று விட்டேன். ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி கத்தத் தெரிந்தவன், ஒரு பொம்பளைக்கு மட்டும் கேட்கும்படி மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

சேச்சி எழுந்து ஐசியூவுக்குள் போய்விட்டு வந்தார். நேராகப் பேச்சியிடம் வந்து குனிந்து, வெறும் உள்ளங்கையை நீட்டினார்.

"எடுத்தோ."

பேச்சிக்குப் புரியவில்லை.

"அவருகிட்ட கேட்டேன். அவரு சொன்னாரு, நான் கடலும் கண்டு, கள்ளும் கண்டு, மூணு பெண்மக்களையும் கெட்டிச்சு விட்டாச்சு. அது சின்னப் பையன், கொடுத்துடுன்னு. நறுக்கு எங்களுக்கு விழுந்துச்சு. நாங்க தர்றோம். முத்து, நீ கூவு."

நான் கூவவில்லை. பேச்சி எழுந்து அந்த வெறுங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மூன்று பேரும் டாக்டர் முன்னால் போய் நின்றோம். நான்தான் சொன்னேன், விழுந்த நறுக்கு கைமாறிவிட்டது, மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்படி யாரும் என்கிட்ட வந்து நின்னதில்ல" என்றார். "முடியாது. கோபப்படாதீங்க. கைமாத்த விட்டா, சின்ன வயசுக்காரங்க எல்லாம் ஒரு பக்கம் போயிடுவாங்க. அப்புறம் ஆபரேஷனால சரியாச்சா, வயசால சரியாச்சான்னு யாருக்கும் தெரியாது. அடுத்து வர்ற எல்லாருக்கும் நான் இதே மாதிரி, தெரியாது தெரியாதுன்னு சொல்லிக்கிட்டு நிக்கணும்."

"எனக்கு அடுத்து வர்றவங்க வேண்டாம்" என்றாள் பேச்சி. "எந்தம்பி போதும்."

"எனக்குப் புரியுதும்மா." அவர் சேச்சியைப் பார்த்தார். "சேச்சி, நீங்க இதைப் பரிசுன்னு நினைச்சுக் கொடுக்கிறீங்க. பரிசுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா நறுக்கு போட்டிருப்பேனா? ரெண்டு பேருக்கும் அதையே செஞ்சிருக்க மாட்டேனா?"

"அப்போ டாக்டருக்கும் அறியில்லே?"

"அறியில்லா சேச்சி. எனக்கும் தெரியாது."

சேச்சி நீட்டியிருந்த கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். அன்றே இரண்டு பேருக்கும் ஆபரேஷன் நடந்தது. யாருக்கு எது என்று அதன்பின் சோதிக்க வரும் குண்டூசி டாக்டருக்கு மட்டும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று எச்சரித்தார்கள். என் வாயைப் பற்றி எனக்கே தெரியும். அவர் வார்டுக்குள் வரும்போதெல்லாம் தோர்த்துத் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். எனக்குப் பல்வலி என்று நினைத்து அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

செல்வமும் ஆன்றணி சேட்டனும் வார்டில் அடுத்தடுத்த கட்டில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். மூத்திரத்துக்குக் குழாய். உட்காரவைத்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். நான் ஒரு பக்கம் பிடிக்க, சேச்சி ஒரு பக்கம் பிடிக்க, இவனைப் புரட்டிவிட்டு அவரைப் புரட்டுவோம்.

"அத்தான், என்னைத் திருப்பும்போது ஏன் உங்க கை நடுங்குது?"

"நடுங்கலலே. அது எக்கோ."

ஆன்றணி சேட்டன் சிரிப்பார். சத்தம் வராது, கண் மட்டும் சிரிக்கும். "முத்து, உன் தமாசுக்குச் சிரிச்சா எனக்குச் சளி ஏறுது. நிறுத்து" என்பார்.

ஒரு நாள் காலையில் அவருடைய இடது கையில் ஆள்காட்டி விரல் அசைந்தது. சேச்சிதான் கண்டார். நர்ஸ் ஓடி வந்தாள். "ஒந்நுகூடி, ஒந்நுகூடி" என்று எல்லாரும் சொல்ல, விரல் இன்னொரு தடவை மடங்கி நிமிர்ந்தது. வார்டே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே மனதுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன்: அது எங்கள் விரல்.

பேச்சியும் அதையே நினைத்தாள் என்று அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தியதில் தெரிந்தது. செல்வம் கழுத்துப் பட்டைக்குள் தலையைத் திருப்ப முடியாமல், "சேட்டா, மூக்கைச் சொறிஞ்சு பாருங்க" என்றான்.

நாலைந்து நாள் அந்த விரலைச் சுற்றியே வார்டு ஓடியது. அப்புறம் ஆன்றணி சேட்டனுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. இரும வயிற்றுத் தசையும் விலாத் தசையும் வேண்டும். கேபிள் போனவர்களுக்கு அது வேலை செய்யாது. விரல் வந்தது, இருமல் வரவில்லை. மறுபடியும் ஐசியூ, தொண்டையில் குழாய். நான் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது ஸ்பீக்கர் கத்தியது: "ஆன்றணியுடெ பைஸ்டாண்டர்!" அந்தக் கரகரப்பிலும் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை மருந்துக்கு அல்ல.

நான் டாக்டரை வராந்தாவில் மறித்தேன்.

"அந்தப் புது ஆபரேஷனாலயா?"

"உறையில கசிவு இல்ல. பழைய ஆபரேஷன், புது ஆபரேஷன், ரெண்டு பக்கத்துக்காரங்களுக்கும் நெஞ்சுச் சளி வரும். வயசும் இருக்கு." நின்றார். "ஆபரேஷனால இல்லன்னு நினைக்கிறேன். ஆனா ஒரு ஆளை வச்சு எதையும் சொல்ல முடியாது."

"அப்ப அந்த விரலு?"

"அதையும் சொல்ல முடியாது."

அவர் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கு வந்தது துக்கம் மட்டும் என்று சொல்ல ஆசை. இல்லை. காலுக்குக் கீழே தரை கிடைத்த மாதிரி ஒரு நிம்மதி முதலில் வந்தது. அன்று மாற்றியிருந்தால் செல்வம் அல்லவா என்று. அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. தோப்பும்படி சர்ச்சில் அடக்கத்துக்கு மைக் நான்தான் வைத்தேன். கட்டி முடித்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். சேச்சி என்னைக் கண்டதும் கேட்டார், "பையனுக்கு விரல் வந்துச்சா?"

வரவில்லை.

செல்வத்தைச் சுள்ளிக்கல்லில் தரைத்தள வீடு ஒன்றைப் பிடித்து அங்கே கொண்டுவந்தோம். மாதங்கள் போயின. வலது மணிக்கட்டு மட்டும் மேலே தூக்க வந்தது. விரல்களுக்கு உயிர் இல்லை. ஆனால் பயிற்சி கொடுக்கிற பெண் ஒன்றைக் காட்டித் தந்தாள். மணிக்கட்டை மேலே தூக்கினால் தசைநார் இழுத்து விரல்கள் தாமாகவே மடங்கும். லேசான பொருள் ஏதாவது அதில் சிக்கிக்கொள்ளும். மணிக்கட்டைத் தளரவிட்டால் விரல்கள் விரிந்து அது விழும். நாற்பது தடவை பழகினால் ஒரு தடவை காகிதம் நிற்கும். மூக்குக்கு அது உதவாது. மூக்கு இன்னும் எங்கள் பொறுப்புதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிலோ சேச்சி மீனோடு வருவார். அவரே சமைத்து, முள் எடுத்து, செல்வத்துக்கு ஊட்டிவிட்டுப் போவார். நீட்டிய கையைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. செல்வத்துக்கு அது தெரியவே தெரியாது.

தெரிந்தது ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனைக்குப் போன அன்று. டாக்டர் அவன் மணிக்கட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டுச் சொன்னார், "உங்க ரெண்டு குடும்பமும் நறுக்கை மாத்தணும்னு வந்து நின்னதை நான் என் மாணவர்களுக்குச் சொல்றதுண்டு." அவனுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்.

திரும்பும்போது வண்டியில் அவன் மணிக்கட்டைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே வந்தான். பாலத்தின்மேல் கேட்டான்.

"அத்தான், அன்னைக்கு மாத்தியிருந்தா நான்தான போயிருப்பேன்?"

"அதுக்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தம் இல்லன்னு டாக்டர் சொன்னாங்க."

"தெரியாதுன்னு சொன்னாங்களா, இல்லன்னு சொன்னாங்களா?"

நான் அவன் மூக்கைச் சொறிந்துவிட்டேன்.

"மாத்தியிருந்தா எனக்கு விரலு வந்திருக்கும். இல்லன்னா நான் செத்திருப்பேன். ரெண்டுல எதைச் சேச்சி எனக்குத் தந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. அப்படித்தான?"

"அப்படித்தாம்லே."

"ஆனா தந்தாங்கள்ல."

அந்த மாதச் சீட்டுக் குலுக்கலைச் சாயாக்கடைப் பின்புறத்திலிருந்து எங்கள் முற்றத்துக்கு மாற்றினார்கள், செல்வத்தால் வர முடியாது என்பதால். ஞாயிற்றுக்கிழமை. சுமட்டுக்காரர்கள் மதிலோரம் குந்தியிருந்தார்கள். ஃபிலோ சேச்சி வாசற்படியில் தட்டோடு உட்கார்ந்து செல்வத்துக்கு மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார். நான் சிரட்டையைக் குலுக்கினேன். வழக்கமான கிண்டலெல்லாம் சொன்னேன். துண்டை எடுத்துப் பிரித்தேன்.

"ரஃபீக்!"

ரஃபீக் எழுந்து வந்தான். துண்டைக் கையில் வாங்கி ஒரு கணம்கூட வைத்திருக்கவில்லை. நேராகச் செல்வத்தின் மடியில், செத்த விரல்களுக்கு நடுவில் செருகினான். "இது உனக்கடா." எல்லாரும் எதிர்பார்த்ததுதான். நான் கூவ வாயெடுத்தேன்.

"இருங்க அத்தான்" என்றான் செல்வம். "ரஃபீக் இக்கா, இது இப்ப என்னுதா?"

"பின்னே யாருது?"

"அப்ப நான் யாருக்கும் கொடுக்கலாம்ல?"

செல்வம் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். சக்கர நாற்காலியை வாசற்படிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பேச்சி உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் தொகைக்கு அவள் ஏற்கனவே ஒரு நல்ல மெத்தை பார்த்து வைத்திருந்தாள், புண் வராத மெத்தை.

செல்வம் மணிக்கட்டைத் தூக்கினான். விரல்கள் மடங்கின. துண்டு சிக்கிக்கொண்டது. முழங்கையை நீட்ட அவனுக்குத் தசை இல்லை. தோளை எறிகிற மாதிரி முன்னால் வீசித்தான் கை போகும். இரண்டு தடவை வீசியும் எட்டவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்தது. மூன்றாவது தடவை கை சேச்சியின் முன்னால் போய் நின்று நடுங்கியது.

"வேண்டா மோனே" என்றார் சேச்சி. "எனிக்கு இனி நறுக்கே வேண்டா."

"பிடிங்க சேச்சி. ரொம்ப நேரம் நிக்காது."

சேச்சி மீன் கையைத் தோர்த்தில் துடைத்தார். உள்ளங்கையை அவன் கைக்குக் கீழே விரித்தார். ஹாலில் அன்று பேச்சியின் முன்னால் விரித்த அதே கை. செல்வம் மணிக்கட்டைத் தளரவிட்டான். விரல்கள் விரிந்தன. துண்டு விழுந்தது.

"கைமாறியாச்சு" என்றேன். ஒரு தடவை. இரண்டாவது தடவை பாதியில் நின்றுவிட்டது. கொச்சியில் என் தொண்டைக்கு வாடகை கொடுத்தவர்கள் எவ்வளவோ பேர். அன்று அது ஓடவில்லை. மிச்சத்தைச் செல்வம் சொன்னான். அடுத்த ஆளுக்குக்கூடக் கேட்காத அவனுடைய அந்தச் சின்ன மூச்சுக் குரலில், நிறுத்தி நிறுத்தி. மதிலோரம் இருந்த கடைசி ஆள்வரைக்கும் கேட்டது.

சேச்சி துண்டைத் தோர்த்தின் முனையில் முடிந்துகொண்டு தட்டை மறுபடியும் மடியில் எடுத்தார். ஒரு முள்ளை விரலால் தேடி எடுத்துப் போட்டுவிட்டு, "வாய் திற" என்றார். அவன் திறந்தான்.

கொடுத்ததைப் பற்றிப் பேசக் கூடாது என்பதுதான் வழக்கம். இவர்கள் யாரும் பேசவில்லை. நான்தான் எழுதிவிட்டேன். சேச்சிக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது.